'சிகிச்சையில் தோற்றார்' என்று எழுதிய டிஸ்சார்ஜ்: அமெரிக்க ராணுவத்திடம் திருத்தம் கேட்பவர்களுக்கான கேள்வி பதில்

டிஸ்சார்ஜ் என்றால் ஊரில் இருக்கும் பாட்டி "எந்த ஆஸ்பத்திரியிலிருந்து?" என்றுதான் கேட்பார். அமெரிக்க ராணுவத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். படையை விட்டு அனுப்பும்போது கையில் தரும் டிடி-214 என்ற ஒரு தாள், அதன்பின் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். அதில் "ஆல்கஹால் ரிஹாபிலிடேஷன் ஃபெயிலியர்" (குடிச் சிகிச்சையில் தோல்வி) என்று இருந்தால், பெரும்பாலான குடும்பங்கள் அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகின்றன. அந்தத் தாளைத் திரும்ப வெளியே எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. விதிகளையும் டிஸ்சார்ஜைத் திருத்தும் போர்டுகள் வெளியிடும் முடிவுகளையும் படித்துச் சேர்த்தவை இவை. தனியாகச் சொல்லாத இடங்களில் தரைப்படையைப் பற்றிப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் டிடி-214-இல் இந்த வாசகம் எங்கிருந்து வந்தது?

டிடி-214-இல் 23-ஆம் கட்டத்திலிருந்து 28-ஆம் கட்டம் வரை பாருங்கள். 24-இல் டிஸ்சார்ஜின் தரம் இருக்கும்: ஆனரபிள் (முழு மதிப்போடு), ஜெனரல் (அதற்கு ஒரு படி கீழே), அதற்கும் கீழே மற்றவை. 25-இல் எந்த விதியின்படி அனுப்பினார்கள் என்பது. 26-இல் ஒரு குறியீடு. உங்கள் கதையில் அது ஜேபிடி. 27-இல் மறுபடி சேரலாமா என்பதற்கான எண். இதற்கு வழக்கமாக 4, அதாவது திரும்ப வராதே என்று பொருள். 28-இல்தான் அந்த வாசகம்.

தரைப்படையில் இது விதி 635-200-இன் 9-ஆம் அத்தியாயம். குடிப் பிரச்சினைக்காகச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சிப்பாய் அதில் ஒத்துழைக்கவில்லை, அல்லது ஒத்துழைக்க முடியவில்லை, அல்லது முடிக்கவில்லை, இனிமேல் முயல்வதில் பயனில்லை என்று கமாண்டர் சிகிச்சைக் குழுவோடு பேசி முடிவெடுத்தால் இந்த அத்தியாயம் திறக்கும். திட்டத்தின் பெயர் நெடுநாள் ஏஎஸ்ஏபி என்றிருந்தது; 2016-இல் சிகிச்சைப் பகுதி மருத்துவப் பிரிவின் கைக்குப் போனது. கடற்படையில் சார்ப், விமானப்படையில் அடாப்ட் என்பார்கள்.

'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். களப்பயிற்சிக்குப் போனதால் நாலு சந்திப்பைத் தவறவிட்டவரும் தோற்றவர். சிகிச்சை நடக்கும்போதே குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டவரும் தோற்றவர். கடற்படையில் இன்னும் கடுமை: சிகிச்சையை ஒழுங்காக முடித்துப் பல வருடம் கழித்து ஒரு மதுச் சம்பவம் நடந்தாலும் அது சிகிச்சைத் தோல்விக் கணக்கில் சேரலாம். தாளில் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். எது யாருடைய கதை என்பது கோப்புக்குள் இருக்கிறது.

ஜெனரல் டிஸ்சார்ஜ்தானே கொடுத்தார்கள். அது போதாதா?

9-ஆம் அத்தியாயத்தில் போனவர்களுக்கு ஆனரபிள் அல்லது ஜெனரல் மட்டுமே தர முடியும். பயிற்சிக் காலத்திலேயே அனுப்பப்பட்டவர்களுக்குத் தரம் எதுவும் குறிக்காமல் விடுவார்கள். ஜெனரல் கிடைத்தால் முன்னாள் படையினர் துறையின் மருத்துவம், ஊனத் தொகை, வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கான கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

அடி விழுவது படிப்பில். ஜிஐ பில் என்ற கல்வி உதவிக்கு முழு ஆனரபிள் வேண்டும், ஜெனரல் செல்லாது. மான்ட்கோமரி ஜிஐ பில்லுக்காகச் சம்பளத்தில் மாதம் 100 டாலர் வீதம் 12 மாதம் பிடித்திருப்பார்கள். அந்த 1,200 டாலரும் திரும்பி வராது. இருபத்திரண்டு வயதில் வெளியே வரும் பையனுக்குக் கல்லூரிப் பணம் போனால், அதுதான் உண்மையான தண்டனை.

ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் ஒப்பந்தக் காலத்தை நல்லபடி முடித்து, மறுபடி கையெழுத்துப் போட்டு, இரண்டாவது காலத்தில் மாட்டியவர்கள் 18-ஆம் கட்டத்தைப் படிக்க வேண்டும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தொடர்ச்சியான ஆனரபிள் சேவை என்று அங்கே ஒரு வரி இருக்கலாம். அந்த முதல் காலத்தை வைத்தே சில உரிமைகளைக் கேட்க முடியும். பலர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்துத் தானாக ஆனரபிள் ஆகிவிடும் என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்?

ஆகாது. ராணுவ முகாம்களில் பல தலைமுறையாக உலவும் வதந்தி இது. நீங்கள் விண்ணப்பிக்காமல் எதுவும் மாறாது.

எங்கே விண்ணப்பிப்பது?

இரண்டு வாசல்கள். முதலாவது, டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு. இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்காக 1944-இல் வந்த ஜிஐ பில் சட்டத்தோடு பிறந்தது. படிவம் டிடி 293. வெளியேறிய நாளிலிருந்து 15 வருடத்துக்குள் போக வேண்டும். கடும் குற்றங்களுக்கான ராணுவ நீதிமன்றமான ஜெனரல் கோர்ட்-மார்ஷல் தந்த டிஸ்சார்ஜை மட்டும் இது தொடாது.

இரண்டாவது, ராணுவப் பதிவேடுகளைத் திருத்தும் போர்டு. 1946-ஆம் வருடச் சட்டத்தில் வந்தது, படிவம் டிடி 149. தவறு தெரிந்த 3 வருடத்துக்குள் என்று விதி. ஆனால் நீதி கருதித் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே முப்பது வருடம் ஆனவர்களும் இங்கே வரலாம். 15 வருடத்துக்குள் இருப்பவர்கள் முதல் வாசலைத் தட்டிவிட்டுத்தான் இரண்டாவதுக்கு வர வேண்டும்.

விண்ணப்பித்தால் இருப்பதும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ரிவ்யூ போர்டு தரத்தை உயர்த்தலாம், அப்படியே விடலாம், குறைக்க முடியாது.

சரி, படிவத்தை இன்றே நிரப்பி அனுப்பிவிடவா?

வேண்டாம். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: உங்கள் கதையை எழுதும் முன் உங்கள் கோப்பைப் படியுங்கள்.

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் படையினர் பதிவு மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவம் அனுப்பினால் கோப்பின் நகல் வரும். முழுப் பணிக் கோப்பும் டிஸ்சார்ஜ் பாக்கெட்டும் (உங்களை வெளியேற்றிய நடவடிக்கையின் தாள்கள்) வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். மருத்துவக் கோப்பைத் தனியாகக் கேளுங்கள். 1973-இல் அங்கே ஒரு பெரிய தீ விபத்து நடந்தது, எல்லாம் எரிந்துபோயிருக்கும் என்று யாராவது சொன்னால் தளராதீர்கள். தரைப்படையில் எரிந்தவை 1960-க்கு முன் வெளியேறியவர்களின் கோப்புகள். குடிநோயாளிச் சிப்பாய்களைக் கண்டறிந்து சிகிச்சை தர வேண்டும் என்று படைகளுக்குக் கட்டளையிட்ட சட்டமே 1971-இல்தான் வந்தது.

கோப்பு வந்ததும் கமாண்டர் அனுப்பிய அறிவிப்புக் கடிதத்தை எடுங்கள். அதோடு என்னென்ன தாள்களை இணைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காரணம், தரைப்படை விதி 600-85-இல் 'லிமிடெட் யூஸ்' என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சிப்பாய் தானாக வந்து "எனக்குக் குடிப் பிரச்சினை, உதவி வேண்டும்" என்று சொன்னது, திட்டத்தில் சேரும் முன் குடித்ததைப் பற்றிக் கவுன்சலரிடம் மனம் திறந்தது, சிகிச்சையின் பகுதியாக எடுத்த சோதனையின் முடிவு, இவற்றை வைத்து டிஸ்சார்ஜின் தரத்தைக் குறைக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஒரு தாளை அரசுத் தரப்பே முதலில் கோப்பில் சேர்த்திருந்தால், அந்தச் சிப்பாய்க்கு ஆனரபிள் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கலாமா என்று யோசிக்க அங்கே இடமில்லை.

இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் எந்தச் சிப்பாயும் கவுன்சலரிடம் வாய் திறக்க மாட்டான். ஆனாலும் அவசரத்தில் கோப்புத் தயாரிக்கிறவர்கள், கையில் கிடைத்த சிகிச்சைக் குறிப்பையும் சேர்த்தே கட்டி அனுப்பிவிடுகிறார்கள். ரிவ்யூ போர்டின் பழைய முடிவுகளைப் படித்தால், "கோப்பில் லிமிடெட் யூஸ் தாள் இருக்கிறது, ஆகவே ஆனரபிள்" என்று முடிந்தவை தட்டுப்படும். அங்கே யாரும் கண்ணீர்க் கதை எழுதி வெல்லவில்லை. ஒரு தாள் எந்த இடத்தில் இருந்தது என்பதே போதுமானதாக இருந்தது.

எது இதில் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு ஓட்டியதாகப் போலீஸ் பிடித்தது, பிரிவு முழுவதற்கும் நடத்திய திடீர்ச் சோதனையில் சிக்கியது, கமாண்டர் கண் முன்னே நடந்த தகராறு, இவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. நீங்களே உங்கள் அன்றைய விளக்கக் கடிதத்தில் சிகிச்சை விவரத்தைச் சொல்லி, அதற்குப் பதிலாக அரசு ஒரு தாளை வைத்திருந்தாலும் கிடையாது.

கோப்பில் இன்னும் மூன்றைத் தேடுங்கள். ராணுவ வக்கீலிடம் ஆலோசனை கேட்கும் உரிமையைச் சொன்னார்களா, அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா? மொத்தச் சேவை 6 வருடமோ அதற்கு மேலோ இருந்தால் விசாரணைக் குழு முன் நிற்கும் உரிமை உங்களுக்கு இருந்தது, அதைக் கொடுத்தார்களா? அப்புறம், தோல்வி என்று முடிவெடுத்ததில் சிகிச்சைக் குழு இருந்ததற்கு ஏதாவது தாள் இருக்கிறதா, இல்லை கமாண்டர் மட்டும் எழுதியதா?

போரிலிருந்து திரும்பிய பிறகுதான் குடிக்கத் தொடங்கினேன். அதைச் சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். 2014 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் ஒரு கடிதம் வெளியிட்டார்: பிடிஎஸ்டி (போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோய்) இருந்திருக்கலாம் என்று தோன்றும் விண்ணப்பங்களைப் போர்டுகள் தாராள மனதோடு பார்க்க வேண்டும். வியட்நாம் காலத்தில் அந்த நோய்க்குப் பெயர்கூட இல்லாததால் ஒழுங்கீனம் என்று எழுதி அனுப்பப்பட்டவர்களின் குரல் அதற்குப் பின்னால் இருந்தது. 2017 ஆகஸ்டில் வந்த, பாதுகாப்புத் துறை அதிகாரி கர்ட்டாவின் கடிதம் இதை விரிவாக்கியது. மூளைக் காயம், மற்ற மன நோய்கள், படையில் நடந்த பாலியல் வன்முறை எல்லாம் உள்ளே வந்தன.

கர்ட்டா கடிதம் போர்டைக் கேட்கச் சொல்வது நான்கு கேள்விகள். டிஸ்சார்ஜுக்குக் காரணமான நடத்தையை மன்னிக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ கூடிய நோய் அல்லது அனுபவம் இவருக்கு இருந்ததா? அது சேவைக் காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்த நடத்தையை விளக்குகிறதா? விளக்குமானால், டிஸ்சார்ஜுக்கான காரணத்தைவிட அது கனமானதா? உங்கள் விண்ணப்பத்தை இதே வரிசையில் எழுதினால் படிப்பவருக்கு வேலை மிச்சம்.

குடிக்கு இந்தக் கடிதம் முக்கியமாவது ஒரு இடத்தில். திடீரென்று போதையை நாடத் தொடங்குவது, மனநோயின் அறிகுறிகளை அடக்கத் தானே மருந்துபோலக் குடிப்பது, இவற்றை அது அந்த நோய்க்கான தடயமாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதாவது உங்களுக்கு எதிராக நின்ற அதே குடி, உங்கள் பக்கச் சாட்சியாகவும் நிற்கலாம். அன்றைக்கே டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும் என்றில்லை. உங்கள் சொந்த வாக்குமூலமேகூட போதலாம். முன்னாள் படையினர் துறை உங்கள் மன நோய் சேவையோடு தொடர்புடையது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தாளைக் கட்டாயம் இணையுங்கள். போர்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடை உண்டு.

இது ஓரிருவர் கதை இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017 மே மாதம் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 62 சதவீதத்தினருக்கு, வெளியேறும் முன் இரண்டு வருடத்துக்குள், பிடிஎஸ்டியோ மூளைக் காயமோ மதுக் கோளாறு உள்ளிட்ட வேறு சில நோய்களோ இருப்பதாக ராணுவ மருத்துவர்களே பதிந்திருந்தார்கள்.

எனக்குப் போரும் இல்லை, மன நோயும் இல்லை. வெறும் குடிதான். வழி உண்டா?

கடினம், ஆனால் உண்டு. ரிவ்யூ போர்டு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஒன்று, விதிப்படி நடந்ததா. இரண்டு, நியாயமாக இருந்ததா. முதலாவதுக்குத்தான் மேலே சொன்ன கோப்பு வேட்டை.

இரண்டாவதில் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. உங்களை அனுப்பிய பிறகு விதிகள் சிப்பாய்க்குச் சாதகமாகக் கணிசமாக மாறியிருந்து, இன்றைய விதி அன்றே இருந்திருந்தால் இதே டிஸ்சார்ஜ் கிடைத்திருக்குமா என்பது பலத்த சந்தேகம் என்றால், அதுவே திருத்தக் காரணம் ஆகலாம். தரைப்படையில் அப்படி ஒரு மாற்றம் 2019-இல் வந்தது. சம்பவம் எதுவும் நடக்கும் முன் தானாக வந்து உதவி கேட்கும் சிப்பாய், கட்டாயத் திட்டத்தில் பதிவாகாமலும் கமாண்டருக்குத் தகவல் போகாமலும் சிகிச்சை பெறலாம் என்றார்கள். 2012-இல் தானாகப் போய்க் கதவைத் தட்டி, அதனாலேயே திட்டத்தில் சேர்க்கப்பட்டு, அதில் தவறி, வெளியேற்றப்பட்ட ஒருவர் இதைச் சுட்டிக்காட்டலாம்.

சிகிச்சை என்ற பெயரில் என்ன கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 2012 செப்டம்பரில் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு பாதுகாப்புத் துறைக்காக ஒரு பெரிய அறிக்கை தந்தது. படையில் வெறித்தனமாகக் குடிப்பவர்கள் 1998-இல் 35 சதவீதம், 2008-இல் 47 சதவீதம் என்றது. சிகிச்சை முறைகள் பழையவை, ரகசியம் காக்கப்படாததால் ஆட்கள் வரவே பயப்படுகிறார்கள், குடி வேட்கையைக் குறைக்கும் மருந்துகளைப் பயன்படுத்துங்கள் என்றது. நாலு வகுப்பும் ஒரு வீடியோவும் மட்டும் பார்த்துவிட்டுத் 'தோற்ற'வர், தோற்றது தான் மட்டும்தானா என்று மரியாதையாகக் கேட்கலாம். மரியாதையாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். போர்டில் உட்கார்ந்திருப்பவர்களும் சீருடை அணிந்தவர்கள்தான்.

இவை தவிர, மொத்தச் சேவையின் தரமும் வெளியேறிய பின் வாழ்ந்த விதமும் கணக்கில் வரும். ஆனரபிள் என்பதற்குக் குறையே இல்லாத சேவை தேவையில்லை என்று கர்ட்டா கடிதமே சொல்கிறது. 2018 ஜூலையில் வந்த, அதே துறையின் இன்னொரு அதிகாரி வில்கியின் கடிதம் மனம் திருந்தியதையும் கழிந்த காலத்தையும் பார்க்கச் சொல்கிறது.

வாக்குமூலக் கடிதத்தை எப்படி எழுதுவது?

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. போர்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது, ஆனால் அதே நினைப்போடுதான் கடிதத்தைத் திறப்பார்கள். ஆகவே வாக்குறுதி எதுவும் வேண்டாம். தேதி கொடுங்கள்.

"நான் இப்போது திருந்திவிட்டேன், தயவுசெய்து மன்னித்து ஆனரபிள் தரவும்" என்று தொடங்கும் கடிதம் பத்தோடு பதினொன்றாகப் போகும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "இராக்கிலிருந்து மார்ச்சில் திரும்பினேன். மே மாதம் முதல் தூங்கக் குடித்தேன். ஆகஸ்டில் நானே சார்ஜண்டிடம் சொல்லிச் சிகிச்சையில் சேர்ந்தேன். வாரம் ஒரு வகுப்பு. நவம்பரில் மூன்று வகுப்புகளைத் தவறவிட்டேன்; அதில் இரண்டு நாள் எங்கள் பிரிவு களத்தில் இருந்தது, ஒரு நாள் நான் குடித்திருந்தேன்." அந்தக் கடைசி வரியைப் பாருங்கள். குடித்திருந்ததை ஒப்புக்கொண்டதால்தான் களத்தில் இருந்ததையும் நம்புவார்கள்.

உங்கள் கடிதம் கோப்போடு ஒத்துப்போக வேண்டும். முரண்பாடு இருந்தால் போர்டு கோப்பைத்தான் நம்பும்; அரசு அலுவலகம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும் என்ற அனுமானத்தில்தான் விசாரணையே தொடங்குகிறது. அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது.

கூடவே வைக்க வேண்டியவை: உங்களோடு இருந்த சக சிப்பாய் ஒருவரின் கடிதம், அந்த நாட்களின் மாற்றத்தை வீட்டில் பார்த்த மனைவி அல்லது அம்மாவின் கடிதம், இப்போதைய டாக்டரின் கடிதம், வேலை அல்லது படிப்புச் சான்று. நம் வீடுகளில் அம்மாவின் கடிதம் வாங்குவதுதான் பெரும்பாடு. "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்" என்பார். போர்டுகள் முடிவுகளைப் பாதுகாப்புத் துறையின் மின் வாசிப்பறையில் வெளியிடுகின்றன, உண்மைதான். ஆனால் பெயர்களை நீக்கிவிட்டுத்தான். அதை அவரிடம் சொல்லுங்கள். நீங்களும் அங்கே போய் உங்களைப் போன்றவர்களின் முடிவுகளைப் பத்தாவது படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

இப்போதும் எப்போதாவது குடிக்கிறேன். அதை மறைக்கவா?

மறைக்காதீர்கள். விட்டுவிட்டேன் என்று எழுதிவிட்டு, பிறகு போலீஸ் பதிவு ஒன்று வெளிவந்தால் மற்ற எல்லாமும் அதோடு போகும். விட்டு, விழுந்து, மறுபடி விட்டது குடிநோயில் வழக்கமான பாதை. மனம் ரொம்பச் சோர்ந்திருந்தால் விண்ணப்பம் காத்திருக்கட்டும். 988-க்கு அழைத்து 1-ஐ அழுத்துங்கள், முன்னாள் படையினருக்கான நெருக்கடி உதவி அது. டிஸ்சார்ஜ் என்ன தரம் என்று அங்கே கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

நேரில் போய்ப் பேச வேண்டுமா?

ரிவ்யூ போர்டில் தாள்களை மட்டும் பார்க்கச் சொல்லலாம், அல்லது ஒரு குழு முன் பேசலாம். தாள் வழியாகக் கேட்டு மறுக்கப்பட்டால், 15 வருடத்துக்குள் இருக்கும்வரை நேரில் பேசும் வாய்ப்பை இன்னும் கேட்கலாம். முதலிலேயே நேரில் பேசிவிட்டால் தாள் வழி வாய்ப்பு போய்விடும். ஆகவே வரிசை முக்கியம். 14 வருடம் ஆனவருக்கு இந்த ஆடம்பரம் இல்லை. அவர் நேராகப் பேசுவதைக் கேட்பதே நல்லது. இப்போது பெரும்பாலும் வீடியோவிலோ தொலைபேசியிலோ நடக்கிறது. குடியைப் போன்ற விஷயத்தில் ஆளைப் பார்ப்பதற்கும் தாளைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் எண்ணம்.

எத்தனை நாள் ஆகும்?

திருத்தும் போர்டுகள் பத்தில் ஒன்பது விண்ணப்பங்களை 10 மாதத்தில் முடிக்க வேண்டும், எதுவும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ரிவ்யூ போர்டிலும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்தது ஜெனரல் இல்லை, அதற்கும் கீழே. அப்போது?

அப்படியானால் உங்களை அனுப்பியது பெரும்பாலும் 9-ஆம் அத்தியாயம் இல்லை; குடியோடு சேர்ந்த ஒழுங்கீனத்துக்காக 14-ஆம் அத்தியாயமாக இருக்கும். 25-ஆம் கட்டத்தைப் பாருங்கள். 25-இல் 9 என்றிருந்து 24-இல் 'அதர் தேன் ஆனரபிள்' என்றிருந்தால், உடனே ஒரு வக்கீலிடம் போங்கள். அந்தத் தாளே தவறு.

போர்டுக்காகக் காத்திருக்கும்போதே முன்னாள் படையினர் துறையிலும் தனியாகக் கேளுங்கள். ராணுவம் எழுதிய தரத்தை அந்தத் துறை தன் விதிப்படி மறுபடி எடைபோட்டுச் சில உரிமைகளைத் தரலாம். 2024 ஜூனில் அமலுக்கு வந்த திருத்தம், மன நோய் போன்ற சூழல்களைக் கணக்கில் எடுக்கும் வழியை அகலப்படுத்தியது. தற்கொலை எண்ணத்தோடு வரும் முன்னாள் படையினர் பெரும்பாலோருக்கு 2023 ஜனவரி முதல் அவசரச் சிகிச்சை இலவசம்.

நான் இந்தியக் குடிமகனாகச் சேர்ந்து, ராணுவம் வழியாக அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். அது போய்விடுமா?

வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மேவ்னி என்ற திட்டம் 2009-இல் ஆள் எடுக்கத் தொடங்கி 2016-இல் நின்றது. அது கேட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. மாணவர் விசாவில் இருந்த நம் பிள்ளைகள் சிலர் தமிழ் தெரிந்ததாலேயே சீருடை போட்டார்கள். அப்படி வாங்கிய குடியுரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: மொத்தம் 5 வருடம் நல்லபடி சேவை செய்யும் முன் 'அதர் தேன் ஆனரபிள்' நிலையில் வெளியேறினால், அதைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஜெனரல் டிஸ்சார்ஜின் முழுப் பெயரிலேயே 'அண்டர் ஆனரபிள் கண்டிஷன்ஸ்' என்று இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்துக்கு அது போதும். ஆகவே 9-ஆம் அத்தியாயத்தில் வெளியேறியவர் இந்தப் பயத்தை விடலாம். 14-இல் வெளியேறியவர் குடியேற்ற வக்கீலைப் பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

குடி நோயா, குற்றமா? அரசு என்னதான் சொல்கிறது?

இரண்டையும் சொல்லும், நேரத்துக்குத் தகுந்தபடி. 1988-இல் ட்ரெய்னர் என்பவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரும் உடன் வழக்காடியவரும் ஆனரபிள் டிஸ்சார்ஜ் பெற்றவர்கள், குடியிலிருந்து மீண்டவர்கள். குடியால் படிக்க முடியாமல் போன வருடங்களுக்கு ஈடாகக் கல்வி உதவியின் 10 வருடக் கெடுவை நீட்டிக்கக் கேட்டார்கள். குடி வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனம் என்றது முன்னாள் படையினர் துறை. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் துறை வென்றது. அந்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி அந்தக் கெடு விஷயத்தில் குடிநோயாளிகளுக்கு வழிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 1990-இல், குடியால் வந்த ஊனத்துக்குத் தொகை கிடையாது என்று இன்னொரு சட்டம். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சேவையால் வந்த மன நோயின் விளைவாகக் குடிநோய் வந்தால் தொகை உண்டு என்றது. போர்டிலும் இதே ஊசலாட்டம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் இந்தத் தாளைக் காட்ட வேண்டுமா?

டிடி-214-க்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 'மெம்பர் 1' என்ற குறு நகலில் தரமும் காரணமும் இருக்காது. 'மெம்பர் 4'-இல் எல்லாம் இருக்கும். தனியார் நிறுவனம் சேவைச் சான்று மட்டும் கேட்டால் குறு நகலைக் கொடுத்துப் பாருங்கள். அரசு வேலைக்கு நீண்ட நகல் கேட்பார்கள்.

இதனால்தான் விண்ணப்பத்தில் தரத்தை மட்டும் கேட்டால் போதாது என்கிறேன். ஆனரபிள் வாங்கியும் 28-ஆம் கட்டத்தில் 'ஆல்கஹால் ரிஹாபிலிடேஷன் ஃபெயிலியர்' அப்படியே நின்றால், நேர்காணலில் கண் அங்கேதான் போகும். காரணத்தை, குடியைச் சொல்லாத 'செக்ரட்டேரியல் அதாரிட்டி' என்ற பொது வாசகமாக மாற்றவும், 26-ஆம் கட்டக் குறியீட்டை அதற்கேற்ப மாற்றவும், மறுசேர்க்கை எண்ணை மாற்றவும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததைப் போர்டு தானாகத் தரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

மறுத்துவிட்டால்?

முடிவுக் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள். அதையும் கோப்பைப் போலவே வரிவரியாகப் படியுங்கள். புதிய ஆதாரம் கிடைத்தால் திருத்தும் போர்டுக்கு அதோடு போகலாம். 2019 டிசம்பர் 20-க்குப் பிறகு வெளியேறியவர்களுக்கு, மற்ற இரண்டும் முடிந்தபின் கடைசியாக ஒரு மேல்முறையீட்டு போர்டும் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஃபெடரல் நீதிமன்றம், ஆறு வருடக் கெடுவோடு. இராக்கில் போரிட்ட ஸ்டீவ் கென்னடி என்ற முன்னாள் சிப்பாய், யேல் சட்டக் கல்லூரி மாணவர்களின் உதவியோடு 2017-இல் தரைப்படைமீது தொடுத்த வழக்கில், 2021-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, மன நோயைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் மறுத்த ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை மறுபடி பார்க்க ராணுவம் ஒப்புக்கொண்டது. 2011 ஏப்ரலுக்குப் பிறகு உங்களை மறுத்திருந்தால், அந்தப் பட்டியலில் நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பலர் வக்கீல் இல்லாமலேதான் விண்ணப்பிக்கிறார்கள். இலவச உதவிக்கு அமெரிக்கன் லீஜன், டிஏவி போன்ற முன்னாள் படையினர் சங்கங்கள், சட்டக் கல்லூரிகளின் இலவச மையங்கள், சான் பிரான்சிஸ்கோவின் ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ், தேசிய முன்னாள் படையினர் சட்டச் சேவைத் திட்டம் ஆகியவற்றைக் கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது, "டிஸ்சார்ஜ் பாக்கெட் கையில் இருக்கிறதா?" என்பதுதான். எஸ்எஃப் 180-ஐ அனுப்பிவிட்டு, அது வந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.